மல்லாந்து கிடந்து கற்றது

நாற்பத்தோராவது வயதில், காத்தான்குடியில் ஒரு தையல்காரப் பெண்ணின் வீட்டு முன்னறையில், மல்லாந்து படுத்துக்கொண்டு இன்னொருத்தியின் இடுப்பில் என் இரண்டு பாதங்களையும் வைக்கக் கற்றுக்கொண்டேன். அதற்கு எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. காலைத் தூக்கி வைக்க ஐந்து மாதமா என்று என் கணவர் சிரித்தார். அவருக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

நான் குடும்பநல உத்தியோகத்தர். ஊர்ப் பேச்சில் மிஸ்ஸி. கர்ப்பிணித் தாய்மாரை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது, பிறந்த பிள்ளையை நிறுப்பது, தடுப்பூசித் திகதியை மறந்த தகப்பன்மாருக்கு ஏசுவது, இவை என் வேலைகள். கடைசி வேலையில் எனக்கு நல்ல பெயர் இருக்கிறது. என் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டால் பின்பக்கத்தால் போய்விடும் ஆண்களை எனக்குத் தெரியும். வீடு ஆரையம்பதிப் பக்கம். பார்க்கும் பிரிவு வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலைக்கும் அப்பால். காலையில் மண்முனைப் பாலத்தைத் தாண்டி வயல்களுக்கு நடுவே போவதற்காகவே சில நாட்களில் நேரத்தோடு வெளிக்கிடுவேன். பதினோரு வருடமாக அப்படித்தான் போய்வந்தேன்.

அந்தப் பிரிவின் கடைசியில் ஒரு குடியிருப்பு இருக்கிறது. பெரிய வயல்வட்டை ஒன்றைத் தாண்டி, வாய்க்கால் கரைக்கட்டின் மேலே நெடுந்தூரம் போக வேண்டும். இரண்டு பக்கமும் வயல்தான், வீடு ஒன்றும் கிடையாது. ஒரு நாள் பகல் பதினொரு மணியளவில் அந்தக் கட்டின் மேல் ஒருவன் சைக்கிளோடு நின்றான். ஏதோ கேட்கப்போகிறான் என்று நினைத்து வேகத்தைக் குறைத்தேன். அவன் ஹாண்டிலைப் பிடித்து இழுத்தான். ஸ்கூட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் விழுந்தோம். எழும்புவதற்குள் வந்து என் தோளைச் சேற்று மண்ணோடு அமுக்கினான். தூரத்தில் உழவு இயந்திரம் ஒன்றின் சத்தம் கேட்டது. அவன் தலையை நிமிர்த்திப் பார்த்தான், பிறகு என்னை விட்டுவிட்டு வயலுக்குள் இறங்கி ஓடினான். அவ்வளவுதான் நடந்தது. பொலிசில் முறைப்பாடு கொடுத்தேன். ஆள் யாரென்று இன்றுவரை தெரியாது.

அவ்வளவுதான் என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டேன். ஆனால் எனக்குள் அறுத்துக்கொண்டே இருந்தது வேறொன்று. அவன் என் மேல் குனிந்தபோது நான் என்ன செய்தேன்? இரண்டு கையையும் சேர்த்து அவனைக் கும்பிட்டேன். ஊரில் உள்ள ஆம்பிளைகளை எல்லாம் விரட்டுகிற மிஸ்ஸி, சேற்றில் கிடந்துகொண்டு, யாரென்றே தெரியாத ஒருவனைக் கையெடுத்துக் கும்பிட்டேன். என் கால்கள் இரண்டும் சும்மா கிடந்தன. அவன் அவற்றைப் பிடிக்கவில்லை, அவற்றின் மேல் இருக்கவும் இல்லை. உதைத்திருக்கலாம். உதைக்கலாம் என்ற எண்ணமே வரவில்லை. இதை நான் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

அதன் பிறகு அந்தக் கட்டால் போகவில்லை. அந்தக் குடியிருப்புத் தாய்மாரைச் சந்தியிலுள்ள கிளினிக்குக்கு வரச் சொன்னேன். மேலதிகாரி என் நிலைமையை விளங்கிக்கொண்டு அனுமதித்தார். அலுவலக வேலைக்கு மாற்றம் கேட்டுக் கடிதமும் எழுதினேன். எழுதி அலுமாரியில் வைத்தேன், கொடுக்க மனம் வரவில்லை. அந்த வேலை எனக்குச் சம்பளத்துக்கான வேலை மட்டும் அல்ல. அதை விட்டால் நான் யார் என்று எனக்கே சொல்லத் தெரியாது.

அதைவிட, அந்தக் குடியிருப்பில் ஒருத்தி இருந்தாள். இருபத்தாறு வயது. இரண்டு முறை கரு கலைந்து, மூன்றாவதாக நின்ற பிள்ளை. கணவன் அறுவடை இயந்திரத்தோடு அம்பாறைப் பக்கம் போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். அவளை நான் அடிக்கடி வீட்டில் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் அவள்தான் என்னைப் பார்க்க வந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு முறை அவள் கிளினிக் படியேறும்போதும் எனக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்போல் இருக்கும்.

இந்த நிலையில்தான் என் சிநேகிதி ஒருத்தி போன் எடுத்தாள். களுதாவளைக்காரி, பாலர் பாடசாலை ஆசிரியை. என்னைப்போலவே பருமன், என்னைவிடப் பயந்தவள்.

"காத்தான்குடியில ஒரு வீட்டில பொம்புளையளுக்கு மட்டும் மல்யுத்தம் மாதிரி ஒண்டு பழக்கிறாவாம் கா. எங்கட பள்ளிக்கூடத்து பழைய ரப்பர் விரிப்ப அவவுக்குத்தான் குடுத்த நாங்க. வா, ஒருக்காப் போய்ப் பாப்பம்."

"எனக்கு நாப்பத்தொரு வயசு," என்றேன்.

"எனக்கு மட்டும் பதினாறா?" என்றாள்.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை பின்னேரம் அந்த வீட்டு வாசலில் போய் நின்றோம். உள்ளே தையல் மெஷின்களைச் சுவரோரம் தள்ளி, நடுவில் அந்த ரப்பர் விரிப்பைப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு எண். அபாயாக்கள் ஆணியில் வரிசையாகத் தொங்கின. ஐந்தாறு பெண்கள், எல்லோரும் தடித்த நெசவுத் துணியில் தைத்த முழுக்கைச் சட்டை போட்டிருந்தார்கள். அந்தச் சட்டைகளையும் வீட்டுக்காரப் பெண்தான் தைத்திருந்தார். கேற்றைப் பூட்டி, யன்னலுக்குத் திரை போட்ட பிறகுதான் வகுப்புத் தொடங்கும்.

அவருக்கு என்னைவிட மூன்று வயது குறைவு. அவரை நான் தங்கச்சி என்பேன், அவர் என்னை எல்லோரையும்போல மிஸ்ஸி என்பார். ஆறு வருடம் அபுதாபியில் ஒரு வீட்டில் வேலை செய்தவர். அங்கே பள்ளிக்கூடங்களில் இந்த மல்யுத்தத்தை, ஜியு-ஜிட்சு என்ற பெயரில், ஒரு பாடமாகப் படிப்பிக்கிறார்கள். அந்த வீட்டு மகள் அதில் உயிராக இருந்தாள். பள்ளிக்கூடத்தில் கற்றதை வீட்டில் பழக அந்தப் பிள்ளைக்கு ஒரு உடம்பு தேவைப்பட்டது. அந்த உடம்பாக இருந்தவர் இவர். சமைத்து, துணி தோய்த்து, வீடு கூட்டி முடித்த பிறகு, பின்னேரத்தில் பிள்ளையின் அறையில் பாயை விரித்து அவளுக்குக் கீழே கிடப்பார், மேலே இருப்பார், கழுத்தைக் கொடுப்பார், கையைக் கொடுப்பார். தேர்ச்சியைக் காட்டும் இடுப்புப் பட்டி எந்த நிறத்திலும் அவரிடம் இல்லை. "எனக்கு ஆரும் பெல்ட் தரல்ல மிஸ்ஸி. ஆனா ஆறு வருசம் ஒரு நாள் விடாம உருண்ட நான்," என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

ஜியு-ஜிட்சுவில் கார்ட் என்று ஒரு நிலை இருக்கிறது. ஒருவர் மல்லாந்து கிடப்பார், மற்றவர் அவரை அமுக்க வருவார். பார்ப்பவருக்குக் கீழே கிடப்பவர் தோற்றுவிட்டார் என்றுதான் தோன்றும். ஆனால் கீழே கிடப்பவரின் கால்கள் மேலே வருபவருக்கும் தனக்கும் நடுவில் இருக்கும்வரை அவர் தோற்கவில்லை. கார்ட்டில் பல வகை. நாங்கள் பழகியது மிகச் சாதாரணமான ஒன்று. வருகிறவரின் இரண்டு சட்டைக் கையையும் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பாதத்தையும் அவருடைய இடுப்பு எலும்பில் வைக்க வேண்டும். அவர் நெருங்கினால் தள்ள வேண்டும், விலகினால் ஒரு காலால் தள்ளியபடியே மற்றக் காலை மடித்து எழும்பிவிட வேண்டும்.

"இது ஆரையும் அடிக்கிறதுக்கு இல்ல. நீங்க ஒழும்பிப் போறதுக்கு," என்றார் தங்கச்சி. "கை ரெண்டும் அவனப் பிடிக்க. கால் ரெண்டும் அவனத் தள்ளி வெக்க. கால் இல்லாட்டி கார்ட் இல்ல."

இடுப்பை வளைத்துப் பின்பக்கமாக நகரும் ஒரு அசைவு இதற்கு முக்கியம். அதற்கு அவர் அபுதாபியில் கேட்ட பெயரையே தமிழாக்கி இறால் என்றார். வாவிக்கரையில் பிறந்த எங்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. கூடையில் உயிரோடு கிடக்கும் இறால் எப்படித் துள்ளும் என்று எல்லோருக்கும் தெரியும். முதல் நாளே எல்லோரும் இறாலாகிச் சுவரில் போய் முட்டினோம். நெடுநாளுக்குப் பிறகு அன்றுதான் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

பிறகு பாதத்தை வைக்க வேண்டிய கட்டம் வந்தது.

எனக்கு எதிரே முழந்தாளில் இருந்தவள் என் களுதாவளைச் சிநேகிதி. நான் அவளுடைய இரண்டு சட்டைக் கையையும் பிடித்தேன். வலது காலைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தேன். வைத்த அந்த நொடியே என் வலது கை அவள் சட்டையை விட்டுவிட்டு, அவள் தோளைத் தொட்டு, என் கண்ணில் ஒற்றிக்கொண்டது. கால் பட்டால் தொட்டுக் கும்பிட வேண்டும். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பழகியது. புத்தகத்தில் பட்டாலும், பேப்பரில் பட்டாலும், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரின் செருப்பில் பட்டாலும் கை தன்பாட்டில் போய்விடும். இங்கே பிடி போனது. அவள் என் மேல் விழ வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அவளும் விழவில்லை. நான் தொட்டுக் கும்பிட்டதைப் பார்த்து, "ஐயோ, பரவால்ல கா," என்று என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னாள். பிறகு அவள் கீழே கிடந்து என் மேல் காலை வைத்தாள். அவளும் கும்பிட்டாள். நானும் பரவாயில்லை என்றேன்.

தங்கச்சி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மிஸ்ஸி, நீங்க ரெண்டு பேரும் சண்டையா புடிக்கிறீங்க, பூசையா செய்றீங்க?"

அந்த அறையே சிரித்தது. மற்றப் பெண்களுக்கும் கால் படுவது சங்கடம்தான், அவர்களும் வாயால் ஏதாவது சொல்வார்கள். ஆனால் பிடித்த கையை விடமாட்டார்கள். எங்கள் இருவருக்கும் கைதான் போகும். ஒரு மணித்தியாலத்தில் எத்தனை முறை கால் படுமோ அத்தனை முறையும் கும்பிட்டோம். ஒவ்வொரு கும்பிடுக்கும் ஒரு முறை நசுங்கினோம். நான் பெரும்பாலும் ஏழாம் எண் சதுரத்தில்தான் நசுங்குவேன். இரண்டாம் மாதம் முடியும்போது அந்த ஏழு எனக்கு நன்றாகப் பழகிவிட்டது.

தங்கச்சி பலதும் செய்து பார்த்தார். ஏசினார், கெஞ்சினார், என் கை இரண்டையும் எதிராளியின் சட்டைக் கையோடு துணியால் கட்டினார். கையைக் கட்டினால் நான் தலையைக் குனிந்து நெற்றியால் கும்பிட்டேன். கடைசியில் ஒரு நாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது.

"சரி, கும்பிடாம இரிக்க ஒங்களுக்கு ஏலாது. அப்ப முதல்லயே கும்பிட்டுருங்க. விரிப்புல ஏறுறதுக்கு முதல் ஒருக்கா. அது அண்டைக்கு முழுக்கப் படுற கால் எல்லாத்துக்கும் சேத்து. மத்தவ 'ஏத்துக்கிட்டன்' எண்டு சொல்லணும். மறுகா விரிப்புல ஒண்ணும் இல்ல."

அந்த நாளிலிருந்து அது எங்கள் வகுப்பின் வழக்கமாகிவிட்டது. மற்ற இடங்களில் உருளத் தொடங்குமுன் உள்ளங்கையைத் தட்டி முட்டியை மோதிக்கொள்வார்களாம். காத்தான்குடியில் நாங்கள் தோளைத் தொட்டுக் கும்பிட்டு, இனி விழப்போகும் உதைகளுக்கு முற்கூட்டியே மன்னிப்புக் கேட்போம். "ஏத்துக்கிட்டன்" என்று மற்றவள் பெரிய மனதோடு சொல்வாள். முஸ்லிம் பெண்கள் கும்பிடமாட்டார்கள், தோளை மட்டும் தட்டுவார்கள், ஆனால் ஏற்றுக்கொள்வதில் குறை வைக்கமாட்டார்கள். தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் என்று எங்கள் ஊர்களுக்கு இடையில் என்னென்னவோ நடந்திருக்கிறது. அதையெல்லாம் பேசாமலே, வாராவாரம் ஒருவரை ஒருவர் முன்கூட்டி மன்னித்துவிட்டு உருண்டோம். அதை நினைத்தால் இப்போதும் மனம் நிறைகிறது.

என் சிநேகிதிக்கு அந்த வைத்தியம் பலித்தது. அடுத்த கிழமையே அவள் என் விலாவில் காலை ஊன்றித் தள்ளிவிட்டு எழும்பி நின்று, கையைத் தட்டிக்கொண்டு துள்ளினாள். எனக்குப் பலிக்கவில்லை. மனம் ஏற்றுக்கொண்டது, கை கேட்கவில்லை. நான்காவது மாதத்திலும் நசுங்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை எல்லோரும் போன பிறகு தங்கச்சி குசினியிலிருந்து பிளேன் டீ கொண்டுவந்து தந்து, எனக்கு எதிரே விரிப்பிலேயே உட்கார்ந்தார்.

"மிஸ்ஸி, ஒங்களுக்கு என்னமோ நடந்திரிக்கி. கால் பட்டா கும்பிடுற ஆக்கள நான் கண்டிரிக்கன். நீங்க கும்பிடுறது அது மட்டும் இல்ல. பயந்து கும்பிடுறீங்க."

நான் சொன்னேன். வாய்க்கால் கட்டு, சைக்கிள்காரன், என் சேர்ந்த கைகள், சும்மா கிடந்த கால்கள், எல்லாவற்றையும். கணவரிடம் சொல்லாததை அவரிடம் சொன்னேன். சொல்லும்போது அழவில்லை, கோபம்தான் வந்தது. அவன் மேலே வந்த கோபத்தைவிட என் கையின் மேலே வந்த கோபம் பெரிது. "இந்தக் கைய வெட்டிப் போட்டாலும் ஆறாது தங்கச்சி," என்றேன்.

அவர் டீயைக் கீழே வைத்தார். பிறகு தன் கதையைச் சொன்னார்.

"முதல் நாள் அந்தப் புள்ள என்ட இடுப்புல கால வெச்சி என்னத் தள்ளினா. எட்டு வயசு. எனக்கு அழுக வந்திட்டு மிஸ்ஸி. வேலக்காரி எண்டுதானே கால வெக்கிறா எண்டு நெனச்சன். குசினிக்குள்ள போய் அழுத நான். ஒரு மாசம் கழிச்சி அவ கீழ படுத்திக்கிட்டு, இப்ப நீ மேல வா எண்டா. மறுகா, இப்ப நீ படு, என்ட மேல கால வெய்யி எண்டா. நான் வெக்க மாட்டன் எண்ட. மேடம்ட புள்ளைட மேல கால வெச்சா அடுத்த பிளைட்டுல அனுப்பிப் போடுவாங்க. அந்தப் புள்ள என்ட கணுக்கால ரெண்டு கையாலயும் புடிச்சி, தூக்கித் தன்ட இடுப்புல தானே வெச்சா. வெச்சிட்டு, நல்லாத் தள்ளு எண்டு சிரிச்சா."

"தள்ளினீங்களா?"

"மெல்லமாத் தள்ளின. அவ கோவிச்சிக்கிட்டா. இப்பிடித் தள்ளினா நான் எப்பிடிப் படிக்கிற எண்டு கேட்டா. அப்பதான் எனக்கு விளங்கின. கால வெக்கிறது மரியாதக் கேடு இல்ல மிஸ்ஸி. ஒழுங்காத் தள்ளாம விடுறதுதான் அவக்குச் செய்ற துரோகம்."

பிறகு அவர் செய்த காரியத்தை நான் எதிர்பார்க்கவில்லை. எழுந்து முழந்தாளில் வந்து, நீட்டிக் கிடந்த என் இரண்டு கணுக்கால்களையும் பிடித்துத் தூக்கி, தன் இடுப்பின் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டார். நான் கும்பிடக் கையைத் தூக்கப் போனேன். "கைய விடுங்க," என்றார். "கும்பிடாதீங்க. சும்மா வெச்சிக்கிட்டு இரிங்க. டீ ஆறும், பரவால்ல." நாங்கள் அப்படியே இருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர் தன் மகளின் பரீட்சையைப் பற்றிப் பேசினார், மாம்பழ விலையைப் பற்றிப் பேசினார். என் பாதம் அவர் இடுப்பு எலும்பின் சூட்டை உணர்ந்தது. ஒரு மனிதரின் உடம்பில் என் காலை வைத்துக்கொண்டு, பாவம் ஒன்றும் செய்யாமல் நான் இருந்தேன்.

அடுத்த கிழமை கிளினிக்கில் அந்த இளம் தாய் வந்தாள். எட்டாம் மாதம். கால் இரண்டும் வீங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பிரஷர் கூடியிருந்தது. டொக்டர் பார்த்து மருந்து எழுதினார். இனி நடக்கக் கூடாது, வீட்டில் படுத்திருக்க வேண்டும், மிஸ்ஸி கிழமைக்கு இரண்டு தரம் போய்ப் பிரஷர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார். டொக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

"செவ்வாய்க்கிழமை வாறன்," என்றேன். என் வாய் எனக்கு முன்னாலே போய்ச் சொல்லிவிட்டது. அன்று வியாழக்கிழமை.

சனிக்கிழமை வகுப்புக்குப் போனேன். விரிப்பின் ஓரத்தில் நின்று தங்கச்சியின் தோளைத் தொட்டுக் கும்பிட்டேன். "ஏத்துக்கிட்டன்," என்றார். "இண்டைக்கு மூணு நிமிசம். நான் விட்டுத் தரமாட்டன்."

அவர் விட்டுத் தரவில்லை. அவர் என்னைவிடக் கனம், என்னைவிட வேகம், ஆறு வருடம் உருண்டவர். நான் மல்லாந்து கிடந்தேன். இரண்டு சட்டைக் கையையும் பிடித்தேன், இரண்டு பாதத்தையும் வைத்தேன். அவர் என் முழங்காலைப் பக்கவாட்டில் தள்ளிச் சுற்றி வந்தார். இறாலாகி விலகினேன், மறுபடி காலை வைத்தேன். அவர் எழுந்து நின்று என் கணுக்காலைப் பிடித்து எறிந்தார். ஒரு கால் போனது, மற்றக் காலை அவர் நெஞ்சில் ஊன்றினேன். அவர் தன் முழுக் கனத்தையும் போட்டுச் சாய்ந்தார். மூச்சு முட்டியது. கண்ணுக்கு நேரே அவர் முகம். அந்தச் சேற்று நாளின் நாற்றம்கூட வந்தது. கால் வழுக்கி மேலே போய் எதிலோ பட்டது. தள்ளினேன். இடுப்பை எடுத்துக்கொண்டு போய் ஒரு கையை ஊன்றி, காலை மடித்து, எழும்பி நின்றேன். என் சிநேகிதி போனில் நேரத்தைப் பார்த்து, "முடிஞ்சிது!" என்று கத்தினாள்.

தங்கச்சி விரிப்பில் இருந்தபடியே மோவாயைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மிஸ்ஸி, ஒங்கட குதிகால் என்ட நாடில பட்டது தெரியுமா?"

"தெரியும்."

"கும்பிடல்லியே?"

"மறந்துபோனன்," என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்று சொல்லி அவர் அப்படியே மல்லாந்து படுத்துச் சிரித்தார். நானும் பக்கத்தில் விழுந்தேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. நன்றாக, சத்தமாக அழுதேன். யாரும் அழாதே என்று சொல்லவில்லை. ஒருத்தி துவாயைத் தந்தாள், ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள், என் சிநேகிதி என் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு தானும் அழுதாள். நான் எதற்கு அழுகிறேன் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

அந்தப் பெண்களுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? தங்கச்சிக்கு நன்றி. வேலை முடிந்த களைப்பில் ஆறு வருடம் ஒரு பிள்ளைக்கு உடம்பைக் கொடுத்துக் கற்றதை, எங்களுக்கு ஒரு பிளேன் டீயோடு சேர்த்துத் தந்தவர். அபுதாபியில் இருக்கும் அந்தப் பிள்ளைக்கும் நன்றி. இப்போது வளர்ந்த பெண்ணாக இருப்பாள். தன் வீட்டு வேலைக்காரியின் காலைத் தூக்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்ட அன்று, கடல் கடந்து ஒரு மிஸ்ஸியின் காலையும் தூக்கிவிட்டாள் என்று அவளுக்குத் தெரியப்போவதில்லை. எனக்குத் தெரியும், அது போதும்.

செவ்வாய்க்கிழமை காலை பாலத்தைத் தாண்டினேன். வட்டையில் கதிர் முற்றியிருந்தது. கட்டின் தொடக்கத்தில் ஸ்கூட்டியை நிறுத்தி, ஒரு காலை மண்ணில் ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பயம் போகவில்லை என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். மூன்று நிமிடம் உருண்டதால் உலகத்தில் உள்ள சைக்கிள்காரர்கள் எல்லாம் காணாமல் போய்விடமாட்டார்கள். தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். விழுந்தாலும் என்னிடம் இரண்டு கால் இருக்கிறது. பயத்தையும் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டியை முடுக்கினேன். எதிரே ஒரு கொக்கைத் தவிர யாரும் வரவில்லை.

அவள் திண்ணையில் பாய் போட்டுப் படுத்திருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள், ஏசிப் படுக்க வைத்தேன். பிரஷர் இறங்கியிருந்தது. வயிற்றில் குழலை வைத்துக் காதைக் கொடுத்தேன். பிள்ளையின் இதயம் நல்ல வேகமாக, ஒழுங்காக அடித்தது. அவளுக்குச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"இனி நீங்கதான் வருவீங்களா மிஸ்ஸி?"

"ஓம். செவ்வாயும் வெள்ளியும்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு நீளமாக மூச்சு விட்டாள்.

"அப்ப இனி நான் அந்தக் கட்டால தனிய வரத் தேவயில்ல," என்றாள். "உங்களுக்கு நடந்தத எல்லாரும் சொன்னாங்க. ஒவ்வொரு கிளினிக்குக்கும் சீலத் தலைப்புக்குள்ள ஒரு கல்ல முடிஞ்சிக்கிட்டுத்தான் நடந்த நான். புள்ள வயித்துக்குள்ள துடிச்சா, பயத்திலயோ எண்டு நினைப்பன்."

குழல் என் கையில் இருந்தது. ஐந்து மாதத்துக்கும் மேலாக நான் போகாத அந்தப் பாதையை அவள் எனக்கும் சேர்த்து நடந்திருக்கிறாள், வயிற்றுப் பிள்ளையோடு. நான் கிளினிக் கதிரையில் பத்திரமாக இருந்துகொண்டு, "வந்திட்டியா, இரு," என்று சொல்லியிருக்கிறேன். எப்படி வந்தாய் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள் என்ற பயத்தில்தான் கேட்காமல் இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது.

"என்ன மன்னிச்சிக்க புள்ள," என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. "நீங்க வந்திட்டீங்கதானே மிஸ்ஸி," என்று சொல்லி, பக்கத்தில் கிடந்த தலையணையை எனக்கு உட்காரத் தள்ளிவிட்டாள்.